தொட்ட கோடும் விட்ட கோடும்



நாற்பத்தோராண்டுக் காலம் அச்சுக்கூடத்தில் மையும் மண்ணெண்ணெயும் படிந்த கைகளோடு உழன்றவனாகிய என்னை, பண்டிதர்களும் புலவர்களும் நின்று பேசிய இம்மேடையில் நிறுத்தி, நூற்கலை சம்பந்தமாக எதைப்பற்றி வேண்டுமாயினும் பேசுக என்று பணித்தபொழுது, எடுத்துக்கொள்ளத்தக்க பொருள்கள் பல இருந்தும், குழந்தைகளின் புத்தகங்களுக்குப் படம் போட்ட ஒருவரைப் பற்றியே பேசுவதென்று நிச்சயித்துக்கொண்டேன். அதற்குக் காரணம் ஒரு பழைய மனக்குறை. நூலைப் பாராட்டுவோர் எழுதினவரைச் சொல்வர், பதிப்பித்தவரைச் சொல்வர், தாராள மனம் படைத்தவர் அச்சகத்தாருக்கும் ஒரு கும்பிடு போடுவர், படம் போட்டவரோ, மாடிப்படிக்கு அடியில் கிடந்த விசிப்பலகையில் உருட்டிய தாள்களை மடிமேல் வைத்துக்கொண்டு, கணக்குப்பிள்ளை எப்பொழுது தலை நிமிர்வார் என்று காத்திருக்கும் மனிதராகவே இன்னும் என் கண்முன் நிற்கிறார். படத்தில் எத்தனை கோடு விழுந்திருக்கிறது என்று பார்த்துக் கூலி கொடுக்க விரும்பிய முதலாளி ஒருவரையும் நான் அறிவேன். அவரிடம் நான் இன்று பேச எடுத்துக்கொண்ட சித்திரக்காரர் அகப்பட்டிருந்தால் பட்டினி கிடந்தே மாண்டிருப்பார். ஏனெனில் கோடு போடுவதைக் காட்டிலும் போடாமல் விடுவதில்தான் அவர் பெருஞ்சிரத்தை காட்டினார்.

அவர் பெயர் ராண்டால்ப் கால்டிகாட். ஆங்கிலேயர்; 1846 மார்ச் 22-இல் செஸ்டர் நகரத்தில் பிறந்தவர்; நாற்பது வயது நிறைவதற்குள் மறைந்தவர். அவரை எனக்கு அறிமுகம் செய்து வைத்தது நடைபாதைப் பழம்புத்தகக் கடை. மேலட்டை போய், ஓரங்களைக் கரையான் தின்று, நடுவில் இரண்டு தாள் காணாமற்போன ஒரு மெல்லிய புத்தகத்தை, பழைய பஞ்சாங்கங்களுக்கும் பரீட்சை வழிகாட்டிகளுக்கும் இடையிலிருந்து இழுத்தெடுத்துப் பிரித்தபொழுது, அரக்கு நிற மையில் அச்சிட்ட ஒரு வாத்துக் கூட்டம் கண்ணிற் பட்டது. நின்றபடியே எண்ணிப் பார்த்தேன். ஒரு வாத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கோடுகளுக்கு மேல் இல்லை. ஆயினும் அவற்றுள் ஒன்று கர்வி, ஒன்று கோழை, ஒன்று யார் எப்படிப் போனால் என்ன என்று எண்ணும் இயல்பினது என்பது ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினேன். பேரம் பேசாமல் நான் வாங்கிய பொருள் என் வாழ்நாளில் அது ஒன்றுதான் என்று என் வீட்டார் சொல்வதுண்டு.

கால்டிகாட்டின் தந்தையார் தொப்பி வியாபாரி. கணக்கு வேலையிலும் கைதேர்ந்தவர். இரண்டு மனைவியராலும் பதின்மூன்று மக்களைப் பெற்றவர். அத்தகைய குடும்பத்தில் ஒரு பையன் படம் எழுதிப் பிழைக்கப்போகிறேன் என்றால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. பதினைந்தாம் பிராயத்தில் அவனை விட்சர்ச் என்ற சிற்றூரில் இருந்த வங்கி ஒன்றில் குமாஸ்தாவாக அமர்த்திவிட்டார்கள். செஸ்டர் ரயிலடி ஓட்டல் தீப்பற்றி எரிந்த காட்சியை அவ்விளைஞன் வரைந்த படம் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளிவந்ததும் அதே 1861-ஆம் ஆண்டில்தான். தந்தையார் மனம் அதற்கெல்லாம் இளகவில்லை.

ஆயினும் விட்சர்ச் வாசம் வீண்போகவில்லை. ஊருக்குப் புறத்தே ஒரு குடியானவர் வீட்டில் தங்கி, வங்கி மூடியதும் குதிரையேறி வயல்வெளியெல்லாம் சுற்றி, சந்தைக்குப் போய், வேட்டை நாய்களின் பின்னே ஓடி அவர் கண்டவையே, பிற்காலத்தில் அவர் எழுதிய ஒவ்வொரு வேலிப்படலிலும் பண்ணை முற்றத்திலும் வந்து அமர்ந்துகொண்டன. 1867-இல் மான்செஸ்டர் நகரத்து வங்கிக்கு மாற்றலாகிப் போனபின், பகலெல்லாம் பேரேடும் இரவில் ஓவியப்பள்ளியுமாக வாழ்ந்தார். வங்கிக் காகிதங்களின் ஓரங்களில் வாடிக்கையாளரின் மூக்குகளும் மீசைகளும் நாய்க்குட்டிகளும் முளைத்தன. 1872-இல், லண்டனில் பத்திரிகையாசிரியராயிருந்த ஹென்றி பிளாக்பர்ன் என்னும் நண்பரின் ஆதரவை நம்பி, வங்கி உத்தியோகத்தை உதறிவிட்டுத் தலைநகர் சென்றார். இதயம் பலவீனமுற்ற இருபத்தாறு வயதுப் பிள்ளை மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு அவ்வாறு புறப்பட்டால் அதற்குத் துணிச்சல் என்று பெயரிடுவதா, பித்து என்று பெயரிடுவதா என்பதை, அதன் விளைவை அறிந்த நாம் இன்று எளிதில் சொல்லிவிடலாம். அன்று செஸ்டரில் இருந்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதும் ஊகிக்கத்தக்கதே.

லண்டனில் அவர் கற்ற விதம் விசேஷமானது. பாரிஸ் நகரத்துக் கலகத்துக்குப் பின் நாட்டைவிட்டு வந்து லண்டனில் குடியிருந்த டாலூ என்னும் பிரெஞ்சுச் சிற்பியிடம் சென்று களிமண்ணில் உருவம் பிடிக்கக் கற்றுக்கொண்டார். குருதட்சிணையாக அவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். பறவைகளின் எலும்புக்கூடுகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். பிரெடெரிக் லெய்ட்டன் என்னும் பெரிய ஓவியர் தம் மாளிகையில் அராபியக் கூடம் ஒன்று சமைத்தபோது, அதன் சிறு தூண்களின் போதிகைகளுக்குப் பறவை உருவங்களை வகுத்துக் கொடுத்தவர் நம் கால்டிகாட்டே. பத்துக் கோட்டில் வாத்தை எழுத வேண்டுமானால் வாத்தின் உடம்பில் உள்ள அத்தனை எலும்பும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அச்சுக்கூடத்தில் இருந்த எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை. குறைவாகச் சொல்லுகிறவன் குறைவாகத் தெரிந்தவன் என்றே எண்ணியிருந்தேன்.

1875-ஆம் ஆண்டின் இறுதியில், வாஷிங்டன் இர்விங் எழுதிய பழங்காலத்துக் கிறிஸ்துமஸ் பற்றிய கட்டுரைகளுக்கு அவர் வரைந்த நூற்றுக்கு மேற்பட்ட சிறு படங்கள் வெளிவந்து அவரைப் பிரசித்தராக்கின. அதைப்பற்றி அதிகம் விஸ்தரிக்காமல், என் தொழிலோடு உறவுடைய ஒருவரிடம் வந்துவிட விரும்புகிறேன்.

எட்மண்ட் எவன்ஸ் என்று ஓர் அச்சுத்தொழிலர் இருந்தார். தாமே மரச்செதுக்கு வேலை தெரிந்தவர். அந்நாளில் குழந்தைகளுக்கென்று விற்ற வண்ணப் புத்தகங்களின் கோரத்தைக் கண்டு மனம் வெதும்பி, சரியான சித்திரக்காரரைத் தேடிப்பிடித்து, மலிவான விலையில் நல்ல புத்தகம் அச்சிட்டுக் காட்டுவேன் என்று முனைந்தவர் அவர். வால்ட்டர் கிரேன் என்பவர் சில ஆண்டுகள் அவருக்குப் படம் வரைந்து பின் ஓய்ந்துபோகவே, 1877-இல் எவன்ஸ் கால்டிகாட்டின் வாயிற்படி ஏறினார். இருவரும் செய்துகொண்ட ஏற்பாடு கேட்கத்தக்கது. புத்தகம் விற்றால் படிக்கு இவ்வளவு என்று எனக்குக் கொடுங்கள், விற்காவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்றார் கால்டிகாட். செதுக்கும் செலவும் அச்சிடும் செலவும் நட்டமும் என்னைச் சேரட்டும் என்றார் எவன்ஸ். கணக்குப்பிள்ளையை எதிர்பார்த்து விசிப்பலகையில் உட்காரும் அவசியமே இல்லாதபடி ஒரு சித்திரக்காரர் செய்துகொண்ட ஒப்பந்தத்தை நினைக்குந்தோறும் எனக்கு மனம் நிறைகிறது.

அவர்கள் வேலை செய்த முறையைச் சற்று நிதானமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். கால்டிகாட் பேனாவால் காகிதத்தில் வரைவார். அப்படத்தைப் புகைப்பட முறையால் இறுகிய மரக்கட்டையின் முகத்தில் இறக்கி, கோடு அல்லாத இடத்தையெல்லாம் சிற்றுளியால் வாங்கிவிடுவார்கள். அந்தக் கட்டையில் எடுத்த புரூப் கால்டிகாட்டிடம் திரும்பிப் போகும். அவர் அதன்மேல் வர்ணம் பூசி அனுப்புவார். அதைப் பார்த்து எவன்ஸ், தோலின் நிறத்துக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, சாம்பல் நிறத்துக்கு ஒன்று என்று தனித்தனிக் கட்டை செதுக்குவித்து, ஒரே தாளை ஒவ்வொன்றின்மேலும் முறையே பதிப்பார். ஆறு தடவை இயந்திரத்துக்குள் புகுந்து வெளிவரும் தாள் ஆறு தடவையும் ஒரு மயிரிழை பிசகாமல் அதே இடத்தில் அமர வேண்டும். இதை நாங்கள் ரிஜிஸ்டர் என்போம். இது தப்பினால் என்ன ஆகும் என்பதை நான் சொந்த அனுபவத்தில் கண்டிருக்கிறேன். ஒரு தீபாவளிக்கு அவசரம் அவசரமாக எங்கள் கூடத்தில் அச்சிட்ட ராஜா ராணிக் கதைப் புத்தகத்தில், ராணியின் உதட்டுச் சிவப்பு மோவாய்க்கு இறங்கிவிட்டது. இரண்டாயிரம் படியிலும் ராணி இரத்தம் கக்கினாள். பதிப்பாளர் பணம் தர மறுத்தார்; நியாயந்தான். அந்தத் தாள்களெல்லாம் பொட்டலம் கட்டப் போயின. ஆகவே எவன்ஸின் கூடத்தில், மின்சாரமும் இன்றைய கருவிகளும் இல்லாத நாளில், ஒரு ஷில்லிங் விலைக்கு விற்ற புத்தகத்தில், பண்ணைப் பெண்ணின் கன்னச் சிவப்பு கன்னத்திலேயே நிற்பதைக் காணும்பொழுது மற்றவர்கள் படத்தைப் பார்ப்பார்கள்; நான் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்று தாளைக் கொடுத்த பெயர் தெரியாத ஆளைப் பார்க்கிறேன்.

1878-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு இரண்டு புத்தகங்கள் வந்தன. அச்சிட்ட பத்தாயிரமும் அடுத்த பதிப்பு ஆயத்தமாவதற்குள் விற்றுத் தீர்ந்தன. அதுமுதல் ஆண்டுக்கு இரண்டு என்ற கணக்கில் 1885 வரை எட்டுக் கிறிஸ்துமஸுக்குப் பதினாறு புத்தகங்கள். அவர் கீர்த்தி முழுவதும் இந்தப் பதினாறின்மேல்தான் நிற்கிறது.

முதல் இரண்டில் ஒன்று ஜான் கில்பின் கதை. வில்லியம் கூப்பர் என்னும் கவி அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுக்கு முன் பாடிய நகைச்சுவைப் பாட்டு அது. கில்பின் என்பவர் லண்டனில் ஜவுளி வியாபாரி. மணமாகி இருபது ஆண்டு கழித்து ஒரு நாளாவது உல்லாசமாகப் போய்வருவோம் என்று மனைவி வற்புறுத்த, அவளும் பிள்ளைகளும் வண்டியில் முன்னே செல்ல, இவர் நண்பரின் குதிரையை இரவல் வாங்கிக்கொண்டு பின்னே கிளம்புகிறார். ஏறி உட்கார்ந்த மாத்திரத்தில் மூன்று வாடிக்கைக்காரர்கள் வந்துவிடுகிறார்கள்; இறங்குகிறார். வியாபாரியின் தர்மசங்கடம் இது. கடைக்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர்களை அனுப்பிவிட்டு, இடுப்பில் இரண்டு மதுக் குப்பிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு மீண்டும் ஏறுகிறார். குதிரை மிரண்டு ஓடுகிறது. தொப்பி பறக்கிறது, பொய்மயிர் பறக்கிறது, குப்பிகள் உடைகின்றன. மனைவி காத்திருக்கும் சத்திரத்தையும் தாண்டிக் குதிரை தன் எஜமானர் வீட்டுக்கே ஓடி நிற்கிறது. அவர் சிரித்துவிட்டு வேறு தொப்பி கொடுத்துத் திருப்பி அனுப்ப, வழியில் ஒரு கழுதை கத்த, மீண்டும் ஓட்டம். அந்தத் தொப்பியும் போகிறது. ஏறின இடத்திலேயே வந்து இறங்குகிறார் மனிதர்.

இந்தக் கதையைக் கால்டிகாட் எழுதியிருக்கும் விதத்தில், கில்பினைக் காட்டிலும் வழியில் நிற்பவர்கள்தாம் என்னை ஆட்கொண்டவர்கள். இவர் ஏதோ பந்தயம் ஓடுகிறார் என்று எண்ணிச் சுங்கக் கதவைத் திறந்துவிடுபவர்கள், கூவிக்கொண்டு பின்னால் ஓடும் பையன்கள், குரைக்கும் நாய்கள், குளம்படியிலிருந்து தப்பிச் சிதறும் வாத்துகள் ஆகிய இவ்வளவு பேரும் அவரவர் காரியத்தில் முழு மனத்தோடு ஈடுபட்டிருக்கிறார்கள். கவி பெயரளவில் குறித்துச் சென்ற கூட்டத்துக்கு இவர் உயிரும் ஊரும் கொடுத்துவிட்டார்.

வண்ணம் தீட்டாது கோட்டளவில் நிற்கும் சித்திரத்துக்குப் 'புனையா ஓவியம்' என்று நம் பழம்புலவர்கள் பெயர் வைத்தார்கள். அணிகலன் களைந்திருக்கும் பெண்ணின் அழகுக்கு அதை உவமையாக்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கால்டிகாட் புத்தகங்களில் வண்ணப்படங்களைவிட அவற்றிடையே வரும் புனையா ஓவியங்களே தொகையில் மிகுதி; குணத்திலும் மிகுதி என்பது என் கட்சி. கோடு குறையக் குறையப் பிழையும் குறையும் என்றும், விட்டுவிடுவதையும் ஒரு சாஸ்திரமாகவே பயில வேண்டும் என்றும் அவர் தம் நண்பர்களிடம் சொல்லிவந்தார். ஒரே காட்சியைத் திருப்பித் திருப்பி வரைந்து, ஒவ்வொரு முறையும் சில கோடுகளைக் கழித்துக்கொண்டே வருபவனின் பொறுமையை, சேர்த்துக்கொண்டே போகும் நம்மவர்கள், முக்கியமாகச் சொற்பொழிவாளர்கள், எண்ணிப்பார்க்க வேண்டும்.

அவர் வேறொன்றையும் விட்டுவிட்டார். பாட்டில் சொன்னதைப் படத்தில் திரும்பச் சொல்வதை விட்டார். பூனை பிடில் வாசிக்க, பசு நிலாவைத் தாண்ட, தட்டு கரண்டியோடு ஓடிப்போயிற்று என்று ஆங்கிலேயக் குழந்தைகள் பாடும் அர்த்தமற்ற பாட்டொன்று உண்டு. ஓடிப்போனார்கள் என்பதோடு பாட்டு முடிந்துவிடுகிறது. கால்டிகாட் தாளைத் திருப்புகிறார். அங்கே எழுத்தே இல்லை. தட்டு சுக்குநூறாக உடைந்து கிடக்கிறது; கரண்டியை அவள் பெற்றோராகிய முள்ளும் கத்தியும் இருபுறமும் பிடித்து வீட்டுக்கு இழுத்துச் செல்கிறார்கள். சாதிவிட்டுக் காதலித்தவர்களின் கதையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன புலவர் எந்த பாஷையில் இருக்கிறார்? சிரிப்பதற்கென்று திறந்த வாய் பாதியில் நின்றுவிடுகிறது.

இன்னொன்று தாலாட்டு. குழந்தைக்குப் போர்த்த முயல்தோல் கொண்டுவர அப்பா வேட்டைக்குப் போயிருக்கிறார் என்பதுதான் அதன் பொருள் அவ்வளவும். படத்தில் அப்பா ஆடம்பரமாகப் போகிறார்; ஒன்றும் அகப்படவில்லை; ஊருக்குள் போய்க் கடையில் தோலை விலைக்கு வாங்கி வருகிறார். பாட்டில் இல்லாத இந்த மானக்கேட்டைப் படம் ஓசைப்படாமல் வெளியிட்டுவிடுகிறது. பிறகு குழந்தை, காது வைத்த முயல்தோல் உடையணிந்து தாயோடு உலாவப் போகிறது. அங்கே மேட்டின்மேல் உயிருள்ள முயல்கள் சில உட்கார்ந்திருக்கின்றன. குழந்தை நின்று பார்க்கிறது. என் தம்பியின் பேத்தி, நான்கு வயதுச் சிறுமி, இந்தப் படத்தை நான் காட்டியபோது முதலில் கைகொட்டிச் சிரித்தாள். பிறகு குழந்தையின் கண்ணாக நிற்கும் அந்தச் சிறு புள்ளிமேல் விரலை வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, "அதுக்குத் தெரிஞ்சுபோச்சு, தாத்தா" என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. பாட்டு ஒன்று சொல்ல, படம் வேறொன்று சொல்ல, இரண்டுக்கும் நடுவே விட்ட இடத்தில் குழந்தை தானே புகுந்து ஒன்றைக் கண்டுபிடிக்கும்படி புத்தகம் அமைத்தவர் இவர்தாம் என்றும், இன்றைய படப்புத்தகக் கலை இவரிடமிருந்தே தொடங்குகிறது என்றும், அமெரிக்கச் சித்திரக்காரர் மாரிஸ் செண்டாக் எழுதியிருப்பதை நான் பின்னால்தான் படித்தேன். சிறுமி அதை முன்னமே சொல்லிவிட்டாள்.

எஞ்சிய வரலாறு சிறிது. 1880-இல் மணம் செய்துகொண்டார், மக்கட்பேறு இல்லை. கென்ட் நாட்டுப்புறத்திலும் பின் சர்ரேயிலும் தோட்டத்தோடு கூடிய வீடுகளில் குடியிருந்தார். எண்ணெய் வர்ணத்தில் பெரிய ஓவியராக வேண்டுமென்ற ஆசை கடைசிவரை இருந்தது, நிறைவேறவில்லை. அதை எண்ணி நான் வருந்தியதும் இல்லை. சிறுவயதில் கண்ட காய்ச்சலால் தளர்ந்த இதயத்துக்கு இங்கிலாந்தின் குளிர் ஒவ்வாமையால், குளிர்காலந்தோறும் தெற்கே பிரயாணம் செய்வது வழக்கம். 1885-இன் பிற்பகுதியில் மனைவியோடு கப்பலேறி அமெரிக்கா சென்றார். வழிநெடுகப் பத்திரிகைக்குச் சித்திரம் வரைந்து அனுப்புவதாக ஏற்பாடு. வெயிலை நாடிப் புளோரிடாவில் உள்ள செயின்ட் அகஸ்டின் நகரம் சேர்ந்தார். அவர் போன ஆண்டில் அங்கும் வழக்கத்துக்கு மாறான குளிர். 1886 பிப்ரவரியில் அவ்வூரிலேயே காலமானார். அவ்வூர் இடுகாட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் வேறு வேறு திசையினர். முயல் கதைகளால் உலகறிந்த பியாட்ரிக்ஸ் பாட்டர் இளம்பெண்ணாயிருந்தபோது, அவர் தந்தையார் கால்டிகாட்டின் மூலச் சித்திரங்களை விலைக்கு வாங்கி வீட்டில் வைத்திருந்தார். அவற்றைப்போல் வரைய முயன்று முயன்று பார்த்ததைப் பாட்டரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். பிரான்ஸ் தேசத்தில் பிரெத்தான் கிராமம் ஒன்றில் தங்கியிருந்த கோகேன் என்னும் ஓவியர், தம் இளம் நண்பர்களுக்கு இவருடைய வாத்துகளைக் காட்டி, சித்திரத்தின் ஆவி இதில் இருக்கிறது என்று வியந்ததாக உடனிருந்த ஓவியர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். கோகேனின் பெயரைக் கேட்டதும் பெரிய ஓவியம், பெரிய சுவர், பெரிய விலை என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொன்னேன்.

அமெரிக்க நூலகச் சங்கத்தார், ஆண்டுதோறும் தம் நாட்டில் வெளிவரும் குழந்தைப் படப்புத்தகங்களுள் சிறந்ததை வரைந்தவருக்கு ஒரு பதக்கம் அளிக்க 1937-இல் தீர்மானித்தபொழுது அதற்குக் கால்டிகாட் பெயரையே சூட்டினர். 1938 முதல் அது வழங்கப்பட்டு வருகிறது. எழுதினவருக்கன்று, படம் போட்டவருக்கு. பரிசு பெற்ற புத்தகத்தின் அட்டையில் அப்பதக்கத்தின் வட்டமான முத்திரையை ஒட்டி விற்கிறார்கள். என் தம்பி பேத்திக்கு அவள் மாமன் அத்தகைய புத்தகம் ஒன்று வாங்கி அனுப்பியிருந்தான். அவள் புத்தகத்தைப் பிரிப்பதற்கு முன் அந்தப் பொன் வட்டத்தை நகத்தால் நெம்பி எடுக்கப் பார்த்தாள். "இரு, இரு, அதற்குள் ஒருவர் குதிரைமேல் ஓடுகிறார் பார்" என்று தடுத்து, என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பூதக்கண்ணாடியாகப் பிடித்துக் காட்டினேன். மிரண்ட குதிரையும் கில்பினும், பின்னால் கூவி வரும் ஜனங்களும் ஒரு ரூபாய்க் காசளவுக்குள் அடங்கியிருந்தார்கள். அவள் அவர்களில் ஒருவரையும் கவனிக்கவில்லை. குளம்படிக்குப் பக்கத்தில் சுண்டுவிரலை வைத்து, "வாத்து" என்றாள்.